‘நம்ம பயலுவ’ எப்போது ‘ரவுடிப் பயலுவ’ ஆகிறார்கள்?

கேட்டவர் சென்னையில் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் போகிற வழியில். அங்கே வீடு கட்டலாம் என்று நினைக்கிறார். ஊர் முகப்பில் வாய்க்கால் பாலத்துத் திண்டில் பத்துப் பதினைந்து இளவட்டப் பையன்கள் எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறார்களாம். “பேப்பரில் வருகிற வெட்டுக்குத்தெல்லாம் இந்த மாதிரிக் கூட்டத்தில் இருந்துதானே வருகிறது? ஊர்க்காரர்கள் இவர்களைப் பார்த்துப் பயப்படுகிறார்களா, தாங்குகிறார்களா? ஏன் ஒருத்தரும் போலீசில் சொல்வதில்லை? இந்த ஊரில் வீடு கட்டலாமா?” என்பது கேள்வி.

நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பாளையங்கோட்டையில் கிரிமினல் வக்கீலாக இருக்கிறேன். இப்படிப்பட்ட பையன்களுக்கு ஜாமீன் மனு போட்டிருக்கிறேன். அவர்கள் கையால் வெட்டுப்பட்டவர்கள் பக்கமும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பேப்பர்காரர்கள் ‘வாலிபர்கள் கும்பல்’ என்று எழுதுவார்கள். போலீஸ் பதிவேட்டில் அவர்கள் ‘ரவுடி’கள், அதிலும் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் உண்டு. ஆனால் தெருவுக்குள் போய் ‘இங்கே ஏதாவது கும்பல் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது கும்பல் கிடையாது. ‘நம்ம பயலுவ’, ‘சேக்காளிமாரு’, ரொம்பப் போனால் ‘செட்டு’. “கொஞ்சம் சேட்டை பண்ணுவானுவ சார், மத்தபடி தங்கமான பயலுவ.” அதே பையன்களைப் பற்றி ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் கேளுங்கள். “அந்த ரவுடிப் பயலுவளையா கேக்கிய?” நடுவில் இருப்பது இருபது அடி ரோடு.

இந்த இருபது அடியைப் புரிந்துகொள்ளாமல் எங்கள் பக்கத்து விவகாரம் எதுவுமே பிடிபடாது.

ஒரு தெரு தன் பையன்களை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள நான் கடைப்பிடிக்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. வக்கீல் பீஸை யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். முதல் கேஸில் பெரும்பாலும் ஊரே வரும். சாயங்காலம் ஏழு மணிக்கு எட்டுப் பேர், நாட்டாண்மை, கோயில் கணக்குப் பார்ப்பவர், வார்டு மெம்பர். மஞ்சள் பையில் இருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைக்கும்போதே தெரிந்துவிடும், வரி பிரித்த பணம். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, ரப்பர் பேண்ட் போட்டு, கசங்கல் கசங்கலாக இருக்கும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் யார் கொடுத்தார்கள், யார் இன்னும் பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். பையனின் அப்பா கடைசி நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பேச்செல்லாம் நாட்டாண்மைதான். “ஊருக்காகப் போனவன் சார், விட்டுறப்பிடாது.”

இரண்டாவது கேஸில் அப்பாவும் தாய்மாமனும் மட்டும் வருவார்கள். நாட்டாண்மை போனில், “பாத்துச் செய்ங்க சார்” என்பதோடு சரி. மூன்றாவது கேஸில் அம்மா தனியாக வருவார். அல்லது, இது இன்னும் மோசம், அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் காரில் வந்து இறங்குவார். உட்காரக்கூட மாட்டார். புது ஐந்நூறு ரூபாய்க் கட்டு. “தம்பி நம்ம ஆளு. சீக்கிரம் வெளிய வரணும்.” அன்றைக்குத் தெரிந்துவிடும், பையன் தெருவின் கணக்கில் இருந்து வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டான் என்று.

கொஞ்ச வருஷத்துக்கு முன் வந்த ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. பீடி சுற்றுகிறவர். மகனுக்கு ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவு. தாய்மாமன் வந்துவிட்டார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. நாலு நாள் அந்த அம்மா கட்டைப் பையோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பையில் ஒரு கைலி, ஒரு சோப்பு, மிக்சர் பாக்கெட். இதே பையனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் முதல் கேஸ் வந்தபோது வீட்டு வரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கொண்டு பத்துப் பேர் என் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அது கோயில் கொடையில், அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழாவில், பக்கத்து ஊர்ப் பையன்களோடு நடந்த அடிதடி. அப்போதும் கையில் அரிவாள் இருந்தது, அப்போதும் ஒருத்தனுக்குத் தோளில் ஆழமான வெட்டு. இந்த முறை என்ன வித்தியாசம் என்றால், வெட்டுப்பட்டது உள்ளூர் மளிகைக் கடை அண்ணாச்சி. காசு கேட்டிருக்கிறான், அவர் இல்லை என்றிருக்கிறார், கடைக் கண்ணாடியை உடைத்துக் கையில் ஒரு வெட்டு. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “அன்னைக்கு ஊருக்காகப் போனவன்னாங்க. அதே அருவாதானய்யா? இன்னைக்கு மட்டும் எம் மவன் ரவுடியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு தெரு தன் பையன்களைக் கும்பல் என்று சொல்வது அவர்கள் அரிவாள் எடுக்கும்போது அல்ல. அரிவாள் உள்ளே திரும்பும்போதுதான். வெளியே பார்த்து நீட்டியிருக்கிற வரைக்கும் அதற்குப் பெயர் காவல்.

காவல் என்று சும்மா சொல்லவில்லை. இந்தச் சீமையில் அது பழைய ஏற்பாடு. பாளையக்காரர்கள் காலத்தில் ஒரு வட்டாரம் முழுக்கப் பார்க்கிற திசைக்காவல், அந்தந்த ஊரைப் பார்க்கிற ஸ்தலக் காவல் என்று இரண்டு இருந்தன. ஊர் ஜனங்கள் காவல்காரர்களுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரர் பொறுப்பு. பங்கு கொடுக்காத ஊரில் களவு தானாக நடக்கும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டபொம்மனை 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் போட்ட கையோடு கம்பெனிக்காரர்கள் பாளையங்களைக் கலைத்துத் திசைக்காவலுக்கு முடிவு கட்டினார்கள். ஸ்தலக் காவல் மட்டும் அப்புறமும் ரொம்ப காலம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதை அடக்கத்தான் என்று சொல்லி, குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-க்குப் பிறகு இங்கேயும் கொண்டுவந்தார்கள். சில ஊர்களில் ஒரு சாதியின் ஆண்கள் எல்லோரையும் பிறப்பாலேயே சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது போனது. ஆக, பாதுகாக்கிறவனும் பயமுறுத்துகிறவனும் ஒரே ஆளாக இருப்பதும், மொத்தத் தெருவையும் போலீஸ் ஒரே மாதிரிப் பார்ப்பதும் எங்களுக்குப் புதிது அல்ல. தாத்தாக்கள் காலத்திலேயே பழகிப்போனது.

இன்றைக்கு அந்தக் காவலை எங்கே பார்க்கலாம் என்றால், கோயில் கொடையில் பார்க்கலாம். சுடலைமாடன் கொடையோ முத்தாரம்மன் கொடையோ, பந்தல் போடுவது, மைக் செட்டுக்கு வயர் இழுப்பது, வில்லுப்பாட்டுக்காரர்களை பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டிவருவது, சாமக்கொடை முடிகிறவரை கண் விழிப்பது, விடிந்ததும் அண்டா கழுவுவது, எல்லாம் திண்டில் உட்கார்ந்திருக்கிற அதே பையன்கள்தான். பெரியவர்கள் உட்கார்ந்து உத்தரவு போடுவார்கள். இந்த மூன்று நாளில் அந்தப் பையன்களுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை, வருஷத்தில் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் கிடைக்காது. அதனால்தான் கொடை நெருங்கும்போது அவர்கள் முகமே மாறிவிடும்.

வரி பிரிப்பதும் அவர்கள்தான். உள்ளூரில் தலைக்கட்டு வரிக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுகிற வரிக்கு, கணக்கு உண்டு, ரசீது உண்டு. மெயின் ரோட்டுக் கடைகளுக்கு, செங்கல் சூளைக்கு, கல்குவாரி ஆபீசுக்குப் போகும்போது கணக்குக் கொஞ்சம் இளகும். ‘பாத்துப் போடுங்க அண்ணாச்சி’ என்று ஆரம்பிக்கும். நாலு பேர் பைக்கில் போய் நின்று கேட்டால் அண்ணாச்சி பார்த்துத்தான் போடுவார். அந்த ருசி ஒரு தடவை தெரிந்துவிட்டால் கொடை இல்லாத மாதத்திலும் கேட்கத் தோன்றும். மாமூல் பிறக்கிற இடம் பெரும்பாலும் சாமி பேரில்தான். இதை ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் கோபப்படுவார்கள். ஆனால் மறுக்க மாட்டார்கள்.

அப்புறம் பிளக்ஸ். ஒரு ஊருக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் பிளக்ஸைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மேலே தலைவர் படம், அடுத்து ஒரு ‘அண்ணன்’ படம் கூலிங் கிளாசோடு, பக்கத்தில் சிங்கமோ புலியோ. கீழே அஞ்சல் தலை அளவில் முப்பது முகங்கள். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், நினைவு அஞ்சலி, எதுவானாலும் அதே முகங்கள். நினைவு அஞ்சலி பிளக்ஸை மட்டும் நின்று பாருங்கள். வெட்டுப்பட்டுச் செத்த பையனுக்கு ‘மாவீரன்’ பட்டம். வருஷா வருஷம் அந்தத் தேதியில் புது பிளக்ஸ். அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவனைப் பீடம் போட்டுக் கும்பிட்ட பூமி இது; எங்கள் சாமிகளில் பாதிப்பேர் கதை அப்படித்தான் முடியும். அந்தப் பழைய பழக்கம் இன்றைக்கு வினைலில் பிரிண்ட் ஆகி வருகிறது என்று நான் நினைப்பதுண்டு. ஒரு வித்தியாசம்: பீடம் போட்டுக் கும்பிட்டது செத்தவன் கோபத்தைத் தணிக்க. பிளக்ஸ் வைப்பது அதைத் தணியவிடாமல் இருக்க. ராத்திரியோடு ராத்திரியாக ஒருத்தன் அதில் சாணி அடித்துவிட்டால் விடியும்போது ஊரில் ஒரு வேன் போலீஸ் நிற்கும்.

ஊர்ப் பெரியவர்கள் இதையெல்லாம் ஏன் தாங்குகிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண்பிள்ளைகள். தெருவுக்குள் வேற்று ஆள் பைக் எத்தனை தடவை சுற்றுகிறது, எந்த வீட்டுப் பெண் பஸ் ஸ்டாப்பில் யாரோடு பேசினாள், காலேஜ் விட்டு வர ஏன் நேரமானது, எல்லாம் திண்டுக்குத் தெரியும். திண்டுக்குத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் அண்ணனுக்குத் தெரியும். சாதி விட்டுச் சாதி காதல் என்று வந்தால் முதலில் கண்டுபிடிப்பதும், முதலில் கை நீட்டுவதும் இவர்கள்தான். பெரியவர்கள் இந்த வேலையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் செய்தால் தடுப்பதும் இல்லை. தெருவுக்குச் சம்பளம் இல்லாத காவல்காரர்கள் கிடைத்திருக்கிறார்கள், ஏன் விடுவார்கள்? இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பையன் முரடன் ஆனது அவனாக இல்லை. முரட்டுத்தனத்துக்கு ஒரு உபயோகம் இருந்தது, அதனால் வளர்த்தார்கள்.

அதே தெருப் பெண்களிடம் தனியாகக் கேட்டால் வேறு படம் கிடைக்கும். “நாங்க பாலத்து வழியா போகமாட்டோம் சார், கோயிலச் சுத்தித்தான் போவோம்.” கால் கிலோமீட்டர் சுற்று. தினமும். இதற்கு எந்த ஸ்டேஷனிலும் புகார் கிடையாது, எந்தக் கணக்கிலும் வராது. டியூஷனை ஆறு மணிக்கு முன்னால் மாற்றிக்கொள்வது, மொட்டை மாடியில் துணி காயப்போடாமல் இருப்பது, இதெல்லாம்தான் பயத்தின் உண்மையான அளவு. ஆண்கள் பயத்தைப் பெருமையில் ஒளித்துவைப்பார்கள், பெண்கள் பாதையில் ஒளித்துவைக்கிறார்கள்.

இனி நாங்குநேரிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வந்தவர்கள் அவரோடு பள்ளியில் படித்த பையன்கள், பதினெட்டு நிரம்பாதவர்கள். அதற்கு முந்தைய வருஷம், 2022 ஏப்ரலில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கையில் கட்டுகிற சாதிக் கயிறு பற்றிய தகராறில் ஒரு பிளஸ் டூ மாணவன் உயிரே போனது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் பையில் அரிவாள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்க் கூடப் படிக்கிறவனை வெட்டினான். பென்சில் கேட்டதில் வந்த சண்டை என்றார்கள். தடுத்த ஆசிரியைக்கும் காயம்.

நாங்குநேரிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் பேசியதைக் கேட்டேன். ‘அறியாத வயசு’ என்ற வார்த்தை ஒரு பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. இன்னொரு பக்கத்தில், “அந்த அறியாத வயசு எங்க வீட்டுக்குள்ளதான வரும்?” என்றார்கள். ஒரே சம்பவம், பார்க்கிற இடம் வேறு. அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் பள்ளியில் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, பெரிய பள்ளிகளுக்கு மாணவர் நல அலுவலர் வேண்டும் என்று பல பரிந்துரைகள். கயிறு விஷயம் அதற்கு முன்பே தெரியாததல்ல. 2019-லேயே பள்ளிக் கல்வித் துறையில் இருந்து ஒரு சுற்றறிக்கை போனது; எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே அமுங்கிவிட்டது.

பரிந்துரைகள் சரியானவைதான். ஆனால் வகுப்பறையில் கயிற்றை அவிழ்த்த பையன் நாலரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்ன பார்க்கிறான்? மின்கம்பத்தில் அதே கலர், மதகுச் சுவரில் அதே கலர், பஸ் ஸ்டாப் தூணில் அதே கலர். அவன் மணிக்கட்டில் இருப்பதைப் பார்த்து ஊரே அடித்துவைத்தது போல இருக்கும். போலீஸ்காரர்கள் ஆள் வைத்து வெள்ளையடித்த ஊர்களும் உண்டு. சில இடங்களில் வெள்ளை நின்றிருக்கிறது, சில இடங்களில் அடுத்த கொடைக்குள் கலர் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1,313 கும்பல்களைப் பார்த்து ஆராய்ந்த ஃபிரெடெரிக் திராஷர் 1927-லேயே ஒன்று சொன்னார். சேர்ந்து விளையாடுகிற சாதாரணப் பையன்கள் கூட்டம், எதிராளி ஒருவன் வந்து மோதிய பிறகுதான் கும்பலாக இறுகுகிறது என்று. எங்கள் ஊரில் எதிராளியைத் தேட வேண்டியதில்லை, பிறக்கும்போதே ரோட்டுக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்கிறான். அதே சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் கூட்டாளிகளும் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, தப்புச் செய்கிற பிள்ளையை யாராவது கேட்பார்கள் என்று இருக்கிற பகுதியில், ஏழ்மை இருந்தாலும் வன்முறை குறைவு என்றார்கள். எங்கள் பக்கம் ‘கேக்க ஆளு இருக்கா இல்லையா?’ என்பார்களே, அதுதான். நம் தெருக்களில் கேட்க ஆள் நிறைய உண்டு. நம்பிக்கையும் உண்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே. ஆனால் அது தெரு முனையோடு நின்றுவிடுகிறது. அதனால் உள்ளே களவு இல்லை, கதவைப் பூட்டாமல் போகலாம். வெளியே அதே ஒற்றுமை அரிவாளாகப் போகிறது. சாம்ப்சன் நாங்குநேரிக்கு வந்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுத வேண்டி இருந்திருக்கும்.

எல்லா இடத்திலும் இதே கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலப்பாளையத்தில் ஜமாத் பேச்சுக்கு எடை அதிகம். உவரி, இடிந்தகரைப் பக்கம் கடற்கரை ஊர்களில் ஊர்க் கமிட்டியும் பங்குச் சாமியாரும் நடுவில் வருவார்கள். அங்கே சண்டை வேறு மாதிரி, அதை நான் கிட்டே இருந்து பார்த்ததில்லை. பாளையங்கோட்டை மகாராஜ நகர், பெருமாள்புரம் மாதிரி குடியிருப்புகளில் பார்வையே வேறு. அங்கே பையன் யார் மகன் என்று யாருக்கும் தெரியாது. முக்கில் நாலு பேர் நின்றால் சிசிடிவியில் இருந்து ஒரு படம் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிடும்: ‘சந்தேகத்துக்கிடமான நபர்கள், உஷார்’. ஒரு தடவை அப்படி வந்த படத்தில் இருந்தவர்கள் காலையில் வ.உ.சி. மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிவிட்டு டீ குடிக்க நின்ற பையன்கள். எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் சொல்கிறேன். கிராமத்தில் தெரிந்தவன் என்பதாலேயே தப்பைப் பார்க்க மாட்டார்கள். காலனியில் தெரியாதவன் என்பதாலேயே தப்பு தெரியும்.

சரி, போலீசில் ஏன் சொல்வதில்லை?

பயம் ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரிந்தது. சாட்சி சொன்னவன் சாயங்காலம் அதே பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே, பட்டப்பகலில், வழக்குக்கு வந்த ஒரு இளைஞரை விரட்டி வெட்டிக் கொன்றார்கள். அதற்கு அடுத்த வாரம் என் சாட்சி ஒருவர் சொன்னார்: “கோர்ட் வாசல்லயே வெட்டுதான். நான் உள்ள வந்து என்னத்தச் சொல்ல?” சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொல்லிவிட்டது. கூண்டில் ஏறிப் பிறழ்சாட்சி ஆகிறவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்.

ஆனால் பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போலீஸ் வந்தால் ஒருவனைத் தேடி வருவதில்லை என்று தெரு நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. ஒரு சம்பவம் நடந்தால் அன்று ராத்திரி கையில் கிடைத்த பையன்களை எல்லாம் வண்டியில் ஏற்றுவார்கள். செய்தவன் அதற்குள் தலைமறைவாகி, நாலு மாவட்டம் தள்ளி ஏதாவது ஒரு கோர்ட்டில் சரண்டர் ஆவான். மாட்டுகிறவன் ஐடிஐ படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன். பெயர் ஒரு தடவை பட்டியலில் ஏறினால் அப்புறம் கொடை வந்தாலும், தலைவர் ஜெயந்தி வந்தாலும், தேர்தல் வந்தாலும் முன்னெச்சரிக்கை என்று வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ் போக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 110-ஆவது பிரிவு என்போம், 2024 ஜூலையில் இருந்து புதுச் சட்டத்தில் 129-ஆவது பிரிவு. அடுத்த படி 1982-ஆம் வருஷத்து குண்டர் சட்டம், விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணையில் சிக்கல், வளைகுடா வேலை போச்சு. போலீஸ் வேலைக்கு எழுதினால் விடுதலையான கேஸ்கூடக் குறுக்கே நிற்கும். திண்டில் உட்கார்ந்திருக்கிற பையன்களில் பாதிப் பேருக்குக் கனவே போலீஸ் வேலைதான் என்பது இதில் பெரிய கொடுமை.

அதனால் ஒரு அம்மா, பக்கத்து வீட்டுப் பையன் அரிவாளை வைக்கோல் படப்பில் ஒளித்துவைப்பதைப் பார்த்தாலும் ஸ்டேஷனுக்குப் போன் போட மாட்டார். அவன் அப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டார். அவன் ஆச்சியிடம் சொல்வார். ஆச்சி ராத்திரியோடு ராத்திரியாக அதைக் கிணற்றில் போட்டுவிடுவாள். இது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். எத்தனை கொலை கிணற்றுக்குள் போயிருக்கிறதோ, யார் கண்டது?

ஊர் தானாகவே கையாளுகிற இன்னொரு வழி, பையனை ஏற்றி அனுப்பிவிடுவது. எங்கள் பக்கத்துக்கே உரிய மருந்து இது. சென்னையில் சித்தப்பா மளிகைக் கடை, மும்பையில் மாமா கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி. ‘நாளைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிடு’ என்று ஒரு பெரியவர் சொன்னால், பையனின் ஜாதகமே மாறிவிடும். காலை ஐந்து மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கி, ராத்திரி பதினொன்றுக்கு இறக்கினால் கெத்துக் காட்ட நேரம் ஏது? இரண்டு வருஷம் கழித்துக் கொடைக்கு வரும்போது வெள்ளைச் சட்டையில் வந்து அன்னதானத்துக்கு அரிசி மூட்டை எழுதிவைப்பான். அமெரிக்க ஆய்வுகளும் பெரும்பாலான பையன்கள் ஓரிரு வருஷத்தில் கூட்டத்தை விட்டு விலகிவிடுவார்கள் என்றே காட்டுகின்றன. விலகுவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேஸ் என்பது அந்தக் கதவை மூடுகிற ஒன்று; காரில் வந்து பீஸ் கொடுக்கிற அண்ணன் இன்னொன்று.

சமீபத்தில் ஒரு மாற்றம் பார்க்கிறேன். கஞ்சா. அது வந்த பிறகு தெருவின் பொறுமை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. குடித்துவிட்டுச் சண்டை போட்டால் ‘ஆம்பளப் பிள்ளை’ என்று விட்டவர்கள், கஞ்சா என்றதும் ‘அவன் நம்ம பய இல்ல’ என்கிறார்கள். தாய்மார்களே ஸ்டேஷனுக்குப் போய், என் மகனைக் கூட்டிப் போங்கள் என்று சொன்ன சம்பவங்கள் எனக்கு இரண்டு தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

கடைசியாக, வீடு கட்டலாமா என்று கேட்டீர்கள். கட்டுங்கள். வாட்ச்மேன் போட்டு, கேமரா வைத்து, வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் வந்து போகிற வீடாக வைக்காதீர்கள். அந்த மாதிரி வீட்டு வாசலில்தான் இரண்டாவது திண்டு உருவாகும். கொடை வரி கேட்டு வருவார்கள். தலைக்கட்டுக்கு என்னவோ அதைக் கொடுத்து ரசீது வாங்குங்கள், மெட்ராஸ்காரர் என்று கூடக் கேட்டால் சிரித்துக்கொண்டே நாட்டாண்மையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மானம் போகாது.

அடுத்த தடவை போகும்போது பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, “யாரு மவன்லே நீ?” என்று ஒருத்தனிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் அது மரியாதைக் குறைவு இல்லை, உறவு விசாரிப்பதுதான். “மேலத் தெரு பால்காரர் மவன் மாமா” என்று திண்டில் இருந்து இறங்கி நின்று பதில் சொன்னால் பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் வீடு கட்டும்போது மணல் இறக்க அவனையே கூப்பிடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு அண்ணன் பெயரைச் சொல்லி, “அவரு ஆளு” என்றால், அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் அப்பா யார் என்று டீக்கடையில் விசாரியுங்கள். டீக்கடைக்காரர் சொல்லத் தயங்கினால் எனக்குப் போன் போடுங்கள்.